பூட்டு உடையவில்லை

“பேக்கைத் திற” என்றார் லீலா ஆன்டி.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. பிரிக்பீல்ட்ஸில் நாங்கள் மூன்று மாணவிகள் வாடகைக்கு இருந்த வீட்டின் ஹால். லீலா ஆன்டி வீட்டுக்காரர். சோபாவில் அவர் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் என்னோடு தங்கியிருந்த கவிதாவின் அப்பா. சுவரோரமாகக் கவிதாவும் இன்னொரு தோழி ஷாமினியும். வாசலை ஒட்டி என் அப்பா நின்றுகொண்டிருந்தார். அவரை உட்காரச் சொல்ல அந்த வீட்டில் யாருக்கும் வாய் வரவில்லை.

நான் திறக்கவில்லை. கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். ஆன்டியே எழுந்து வந்து குனிந்து ஜிப்பை இழுத்தார். ஒவ்வொன்றாக வெளியே வந்தது. சுடிதார், துண்டு, பாடப் புத்தகம், பிறகு உள்ளாடைகள். எல்லாம் தரையில். என் அப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டு சுவரில் மாட்டியிருந்த காலண்டரைப் பார்த்தார். மாதக் காலண்டர்தான். அதில் படிக்க ஒன்றுமில்லை. ஆனாலும் படித்துக்கொண்டே இருந்தார்.

இதை எழுதும்போதும் எனக்குக் காது சூடாகிறது.

பைக்குள் ஆன்டி தேடிய பொருட்களையும் சொல்லிவிடுகிறேன். மூன்று லேப்டாப், கவிதாவின் தங்கச் சங்கிலி, ஒரு ரைஸ் குக்கர். அந்த மூன்று லேப்டாப்பில் ஒன்று என்னுடையது. என் பொருளை நானே திருடி, ரைஸ் குக்கரைத் துணிக்கு நடுவில் சொருகி வைத்திருப்பேன் என்று அந்த அம்மாள் மனதார நம்பினார்.

ஒரு பாதுகாப்பு உரை

இது இப்போது நினைவுக்கு வரக் காரணம் என் சித்தி மகள். கல்லூரியில் இடம் கிடைத்திருக்கிறது. போன வாரம் அவளை விடுதியில் சேர்க்க நானும் சித்தியும் போயிருந்தோம். புதிய மாணவர்களையும் பெற்றோரையும் மண்டபத்தில் உட்கார வைத்து, கழுத்தில் அட்டை தொங்கவிட்ட ஓர் இளைஞர் திருட்டைத் தடுப்பது எப்படி என்று பாடம் நடத்தினார்.

அறையைப் பூட்டுங்கள். குளிக்கப் போகும்போதும் பூட்டுங்கள். ஜன்னலோரம் கைப்பேசியை வைக்காதீர்கள். லேப்டாப்பின் சீரியல் எண்ணைப் படம் எடுத்து வையுங்கள். ஊருக்குப் போவதை ஃபேஸ்புக்கில் போடாதீர்கள். எல்லாம் நல்ல அறிவுரைதான், குறை சொல்ல மாட்டேன்.

நான் கையைத் தூக்கினேன். “ரூம் பூட்டை கடைசியா எப்போ மாத்துனீங்க?”

“பூட்டெல்லாம் நல்லாத்தான் இருக்கு, சிஸ்.”

“நல்லா இருக்கான்னு நான் கேக்கல. போன வருஷம் இந்த ரூம்ல இருந்தவங்க சாவி இப்போ எங்க இருக்கு?”

அவர் சிரித்துக்கொண்டே அடுத்த படத்துக்குப் போய்விட்டார். சித்தி என் தொடையைக் கிள்ளினார். “சும்மா இரு லா, தேவி. பிள்ளைக்குத்தான் கெட்ட பேரு.”

இந்தத் தொடரைப் படிக்கும் சிலர், உங்கள் எழுத்தில் கோபம் கொஞ்சம் தூக்கல், குறைத்துக்கொள்ளக் கூடாதா என்று கேட்டிருக்கிறார்கள். மற்ற வாரங்களில் முயற்சி செய்கிறேன். இந்த வாரம் என்னால் முடியாது.

கைமாறும் வீடு

அந்தப் பிரிக்பீல்ட்ஸ் வீடு பூக்கடைகளுக்குப் பின்னால் இருந்த பழைய அடுக்குமாடியில் இருந்தது. படியேறும்போது ஒரு மாடி வரை மல்லிகை வாசம் வரும், அதற்கு மேல் யாரோ கருவாடு வறுக்கும் வாசம். மோனோரயில் திரும்பும்போது சமையலறைக் கண்ணாடி லேசாக அதிரும். நடந்தால் சென்ட்ரல் ரயில் நிலையம், அங்கிருந்து எங்கு வேண்டுமானாலும் ரயில். படிக்கும் பெண்களுக்கு அதைவிட வசதியான இடம் கிடைக்காது.

அந்த வீட்டுக்கு ஏஜென்ட் கிடையாது, விளம்பரம் கிடையாது. படிப்பு முடிந்து போகிற அக்கா, தனக்குத் தெரிந்த ஒரு தங்கையை ஆன்டியிடம் சொல்லிவிட்டுப் போவாள். போகும்போது வாளி, ஹேங்கர், ரைஸ் குக்கர், சாவி எல்லாவற்றையும் அந்தத் தங்கையின் கையில் கொடுப்பாள். நன்றாகப் படி என்று கட்டிப்பிடித்து வாழ்த்திவிட்டுப் போவாள். அப்படித்தான் கவிதா வந்தாள். கவிதா சொல்லி நானும் ஷாமினியும் வந்தோம். எங்கள் மூவருக்கும் கடைசி வருடம்.

ஆன்டிக்கு அதில் ஏகப் பெருமை. “என் வீட்டுல வெளியாளே கிடையாது. எல்லாம் நம்ம பிள்ளைங்கதான்” என்பார்.

கதவுக்கு இன்னொரு பூட்டு போட்டுத் தாருங்கள், அல்லது வாசலில் இரும்புக் கிரில்லாவது போடுங்கள் என்று போன புதிதிலேயே கேட்டேன். நான் கேட்டதை ஆன்டி ஓர் அவமானமாக எடுத்துக்கொண்டார்.

“பிரிக்பீல்ட்ஸ்ல என்னா பயம்? சுத்தி நம்ம ஆளுங்க. கீழ கோயில் வேற இருக்கு. நீ எங்கேர்ந்து வர்றேன்னு சொன்ன?”

“கம்போங் மேடான், ஆன்டி.”

“ஆ… அதான்.”

அந்த “அதான்” எனக்குப் பழக்கமான ஒன்று. நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது எங்கள் பகுதியில் கலவரம் நடந்தது. அதற்குப் பிறகு ஊர்ப் பேரைச் சொன்னாலே எதிரில் இருப்பவர் முகம் ஒரு தினுசாக மாறும். அங்கே இருப்பவர்கள் காலையில் எழுந்து வேலைக்குப் போகிறவர்கள் என்பது யாருக்கும் தோன்றாது. என் அப்பா சுங்கைவே பக்கம் ஒரு தொழிற்சாலையில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டினார். ஓவர்டைம் செய்துதான் எனக்கு லேப்டாப் வாங்கிக் கொடுத்தார். அதை முதல் நாள் மடியில் வைத்துக்கொண்டு, தொட்டால் அழுக்காகிவிடும் என்று கைக்குட்டையால் துடைத்துத் துடைத்துக் கொடுத்தார்.

தைப்பூசத்தன்று

அந்த வருடம் கவிதா பால்குடம் எடுத்தாள். விரதம் இருந்தாள். ஷாமினி அவளுக்குத் துணையாகப் பத்துமலைக் கோயிலுக்குப் போவதாக ஏற்பாடு. நானும்தான் போவதாக இருந்தது. அதற்குள் எனக்கு மாதவிலக்கு வந்துவிட்டது.

முதலில் கவிதாவிடம்தான் சொன்னேன். அவள் குடத்தை அப்படியே பின்னால் நகர்த்திக்கொண்டாள்.

“நீ வரவேணாம்டி. நான் விரதத்துல இருக்கேன்ல. இதைத் தொட்டுராத, சரியா?”

எனக்குச் சுருக்கென்றது. ஆனால் சண்டை போடவில்லை. அவள் நேர்த்திக்கடன், அவள் நம்பிக்கை. சரி என்றேன். அவர்கள் விடியும் முன்பே கிளம்பிப் போனார்கள். நான் கொஞ்சம் தூங்கி எழுந்து, வீட்டைப் பூட்டிக்கொண்டு மஸ்ஜித் இந்தியா கடைத்தெருவுக்குப் போனேன். அங்கே ஒரு துணிக்கடையில் விடுமுறை நாட்களில் எனக்கு வேலை உண்டு.

தைப்பூசத்தன்று இந்தியர் வீடுகள் காலியாக இருக்கும் என்பது இந்த ஊரில் யாருக்கும் தெரியாத ரகசியமில்லை. நமக்குத்தான் அது உறைப்பதில்லை. வாசலில் மாவிலை கட்டி, கோலம் போட்டு, செருப்புகள் ஒன்றும் இல்லாமல் வீட்டைப் பூட்டிவிட்டு மொத்தக் குடும்பமும் மலைக்குப் போய்விடுவோம். சாமி பார்த்துக்கொள்வார் என்று நினைப்பு. சாமிக்கு அன்றைக்கு எவ்வளவு வேலை இருக்கும் என்று யாரும் யோசிப்பதில்லை.

மாலையில் நான் திரும்பியபோது கவிதாவும் ஷாமினியும் படியேறிக்கொண்டிருந்தார்கள். கவிதாவின் நெற்றியெல்லாம் திருநீறு, வெறுங்கால் கரி மாதிரி கறுத்திருந்தது. மூவரும் சேர்ந்தே கதவைத் திறந்தோம். கதவு ஒழுங்காகப் பூட்டியிருந்தது.

உள்ளே மேசைகள் மூன்றும் காலி. கவிதாவின் அலமாரியிலிருந்த சங்கிலி இல்லை. வந்தவன், அல்லது வந்தவள், அவசரமே இல்லாமல் வேலை பார்த்திருக்க வேண்டும். ரைஸ் குக்கரில் நான் வைத்திருந்த சோற்றை சிங்க்கில் கொட்டிவிட்டு, குக்கரைச் சார்ஜர் ஒயர்களோடு எடுத்துக்கொண்டு போயிருந்தார்கள்.

என் கடைசி வருட ஆய்வு அந்த லேப்டாப்பில் இருந்தது. வேறு எங்கும் இல்லை. ஒப்படைக்கவேண்டிய நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. சிங்க்கில் கிடந்த சோற்றைப் பார்த்தபடி அங்கேயே உட்கார்ந்துவிட்டேன்.

புகார் கொடுத்தோம். ஒரு மலாய்க்கார போலீஸ்காரர் வந்து பார்த்தார். இளைஞர், பணிவாகப் பேசினார். கதவைத் திறந்தார், மூடினார், விரலால் பூட்டைத் தடவினார். “பிந்து தா ரோசாக்” என்றார். கதவுக்குச் சேதம் ஒன்றும் இல்லை. அவர் சொன்னது அவ்வளவுதான். எழுதிக்கொண்டு போய்விட்டார்.

லீலா ஆன்டிக்கு அந்த மூன்று சொல் போதுமானதாக இருந்தது. பூட்டு உடையவில்லை என்றால் எடுத்தது உள்ளே இருப்பவர். உள்ளே இருப்பவர்களில் இரண்டு பேர் கோயிலுக்குப் போயிருந்தார்கள். மிச்சம் நான்.

“நீ ஏன் கோயிலுக்குப் போகலை?”

மறுபடியும் அந்த ஞாயிற்றுக்கிழமை ஹாலுக்கு வருகிறேன்.

பையில் ஒன்றும் கிடைக்கவில்லை. அதில் ஆன்டிக்கு ஏமாற்றம்தான். திரும்பிப் போய் சோபாவில் உட்கார்ந்துகொண்டு விசாரணையை ஆரம்பித்தார்.

“கடைசியா வீட்டைப் பூட்டினது யாரு?”

“நான்தான். பூட்டிட்டு வேலைக்குப் போனேன். கடை முதலாளியக் கேளுங்க.”

“அதெல்லாம் நீ சொல்லி வெச்சிருப்ப. எல்லாரும் பத்துமலைக்குப் போறப்ப நீ மட்டும் ஏன் போகல? வருஷா வருஷம் போறவதானே?”

நான் கவிதாவைப் பார்த்தேன். அவளுக்குத் தெரியும். வராதே என்று சொன்னவளே அவள்தான். “ஆன்டி, நான்தான் அவள வரவேணாம்னு சொன்னேன்” என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். காரணம்கூடச் சொல்ல வேண்டாம், ஆன்டிக்கே புரிந்திருக்கும்.

கவிதா தரையைப் பார்த்தாள். ஷாமினி கவிதாவைப் பார்த்துவிட்டு அவளும் தரையைப் பார்த்தாள்.

“என்னா, பதிலக் காணோம்?” என்றார் ஆன்டி. “அங்கிள், பாத்தீங்களா? கேட்டா வாயத் தொறக்க மாட்டேங்குது.”

கவிதாவின் அப்பா தொண்டையைச் செருமினார். “சொல்லிடும்மா. எடுத்திருந்தா குடுத்துடு. போலீஸ் கீலீஸ்னு போகாம நம்மளுக்குள்ள முடிச்சுக்கலாம்.”

அதற்கு மேல் என்னால் முடியவில்லை.

“எனக்கு அன்னிக்கு பீரியட்ஸ், ஆன்டி” என்றேன். கத்தினேன் என்றுதான் சொல்ல வேண்டும். “அதனால போகல. போதுமா? இல்ல, அதுக்கும் எதாவது காட்டணுமா?”

கவிதாவின் அப்பா சட்டென்று எழுந்து பால்கனிக்குப் போய்விட்டார். என் அப்பா இன்னும் காலண்டரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் கழுத்து சிவந்திருந்தது. அம்மாவிடம்கூட அந்தச் சொல்லை அவர் காதுபட நான் சொன்னதில்லை. அத்தனை பேர் முன்னால், ஆண்கள் முன்னால், என் அப்பா முன்னால், நான் திருடி இல்லை என்று காட்ட அதைச் சொல்ல வேண்டி வந்தது.

ஆன்டிக்கு அதுவும் உறைக்கவில்லை. “இப்படி வாயி பேசற பிள்ளைய நான் வீட்டுல வெக்க முடியாது. அடுத்த சனிக்கிழமை வருவேன். சாவியக் குடுத்துட்டுக் கிளம்பிடணும்” என்றார்.

அப்பா வந்து தரையில் கிடந்த துணிகளை எடுத்து மடித்துப் பையில் வைக்க ஆரம்பித்தார். வீட்டில் அவர் துணி மடித்து நான் பார்த்ததில்லை. “வாம்மா, போயிடலாம். இந்த வீடு வேணாம் நமக்கு” என்றார்.

“இப்போ போனா நான்தான் எடுத்தேன்னு ஆயிடும்பா. நான் போக மாட்டேன்.”

கிள்ளானில் ஒரு சாவிக்கொத்து

அந்த வாரம் ஒரே வீட்டில் மூன்று பேரும் பேசாமல் இருந்தோம். நான் குளிக்கப் போகும்போது ஷாமினி தன் அறைக் கதவைத் தாழ் போடும் சத்தம் கேட்கும். கல்லூரி நூலகத்துக் கம்ப்யூட்டரில் என் ஆய்வை முதலிலிருந்து தட்டச்சு செய்துகொண்டிருந்தேன். கை வேலை செய்தாலும் மண்டைக்குள் அந்தப் பூட்டுதான் சுற்றிச் சுற்றி வந்தது. உடைக்காமல் ஒருவர் உள்ளே வர என்ன வேண்டும்? சாவி வேண்டும். சாவி யாரிடம் இருந்தது?

கவிதாவுக்கு முன்னால் அவள் அறையில் இருந்தவர் துர்கா அக்கா. கிள்ளானில் ஒரு கிளினிக்கில் தாதியாக வேலை பார்த்தார். நாங்கள் குடிவந்த நாளில் எங்களுக்குத் தோசை வாங்கிக் கொடுத்துவிட்டுப் போனவர், அதனால் நம்பர் இருந்தது. கூப்பிட்டேன். நேரில் வா என்றார். கொமுட்டர் ரயில் ஏறிக் கிள்ளான் போனேன்.

கிளினிக்குக்கு எதிரே இருந்த சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். பையைத் திறந்ததைச் சொன்னபோது சாப்பிடுவதை நிறுத்திவிட்டார்.

“அக்கா, நீங்க போறப்ப வீட்டுச் சாவிய கவிதாகிட்ட குடுத்தீங்கல்ல?”

“ஆமா, குடுத்தேன்.”

“வேற சாவி?”

அவர் கைப்பையிலிருந்து சாவிக்கொத்தை எடுத்து மேசைமேல் போட்டார். மாமனார் வீட்டுச் சாவி, கிளினிக் சாவி, மோட்டார் சைக்கிள் சாவி. அவற்றுக்கு நடுவில் எங்கள் வீட்டுச் சாவியும் கிடந்தது.

“எங்க அம்மா வந்தா இருக்கட்டும்னு ஒண்ணு வெட்டி வெச்சேன். அப்புறம் கழட்டவே மறந்துட்டேன் லா. எனக்கு முன்னாடி இருந்த அக்காவும் ஒண்ணு வெச்சிருந்தாங்க, அவங்க ஆளுக்காக. அந்தப் பூட்ட ஆன்டி எந்தக் காலத்துலயும் மாத்தினதே இல்ல, தேவி.”

எனக்கு ஆறுதலாக இருக்கவில்லை. வெறி பிடித்த மாதிரி இருந்தது. எத்தனை அக்காமார், எத்தனை சாவிகள். எத்தனை காதலர்கள், அண்ணன்கள், அந்த அண்ணன்களின் நண்பர்கள். இத்தனை பேர் கையில் தன் கதவைக் கொடுத்துவிட்டு, அந்தம்மாள் என் உள்ளாடையைத் தரையில் போட்டுத் தேடினார்.

“சனிக்கிழமை வரீங்களா, அக்கா?”

“வரேன். ஷிஃப்ட மாத்திக்கிறேன்.”

சனிக்கிழமை

ஆன்டி சொன்னபடி வந்தார். கவிதாவின் அப்பாவும் வந்திருந்தார், மகள் அறைக்குத் தனிப்பூட்டு மாட்ட. என் அப்பாவையும் வரச் சொல்லியிருந்தேன். “பேக் தூக்க இல்லப்பா. சும்மா வந்து உக்காருங்க” என்றேன். இந்த முறை நானே நாற்காலி எடுத்துப் போட்டு அவரை உட்கார வைத்தேன். கதவை உள்ளிருந்து பூட்டினேன்.

“கிளம்பலியா இன்னும்?” என்றார் ஆன்டி.

“கிளம்பறேன் ஆன்டி. ஒருத்தர் வரணும்.”

யாரும் மணி அடிக்கவில்லை. பூட்டுக்குள் சாவி நுழையும் சத்தம் கேட்டது. இரண்டு சுற்று. கதவு திறந்தது. தாதி உடுப்பில் துர்கா அக்கா செருப்பைக் கழற்றிவிட்டு, சொந்த வீட்டுக்குள் வருவது போல நுழைந்தார்.

“யாரது? எப்படி உள்ள வந்த?” ஆன்டி எழுந்தே விட்டார்.

“துர்கா, ஆன்டி. மறந்துட்டீங்களா? நான் போய் ரொம்ப நாளாச்சு. உங்க சாவி இன்னும் நல்லா வேலை செய்யுது.”

கவிதாவின் அப்பா கையில் புதுப் பூட்டோடு அப்படியே நின்றார்.

இந்த இடத்தில் ஆன்டி மன்னிப்புக் கேட்டார் என்று எழுத எனக்கும் ஆசைதான். அவர் கண்ணைச் சுருக்கித் துர்கா அக்காவை மேலும் கீழும் பார்த்தார்.

“அப்போ நீதான் எடுத்தியா?”

துர்கா அக்கா பலமாகச் சிரித்துவிட்டார். “தைப்பூசத்தன்னிக்கு நான் வேலையில இருந்தேன், ஆன்டி. என்னைய விடுங்க. எனக்கு முந்தி இருந்தவங்க, அவங்களுக்கு முந்தி இருந்தவங்க, எல்லாரையும் கூப்பிடுங்க. ஒரு பஸ் பிடிச்சாத்தான் கொள்ளும். அத்தனை பேரு பேக்கையும் தொறக்கப் போறீங்களா?”

என் அப்பா எழுந்தார். அந்த வீட்டில் முதல் முறையாக வாயைத் திறந்தார். குரல் உயரவில்லை.

“பூட்ட மாத்துங்கம்மா. எம்பொண்ணு படிப்பு முடியற வரைக்கும் இங்கதான் இருக்கும்.”

ஆன்டி கைப்பையை எடுத்துக்கொண்டு இறங்கிப் போனார். திங்கட்கிழமை ஓர் ஆள் வந்து பூட்டை மாற்றினார். வாசலில் கிரில்லும் வந்தது. பொருட்கள் கிடைக்கவில்லை. எடுத்தது யார் என்று இன்றுவரை தெரியாது. என் ஆய்வை ஒருவழியாக முடித்துக் கொடுத்தேன். முதலில் எழுதிய அளவுக்கு அது நன்றாக இல்லை.

அந்தச் சனிக்கிழமை எல்லோரும் போன பிறகு நான் சமையலறையில் மீ நூடுல்ஸ் வேகவைத்துக்கொண்டிருந்தேன். கவிதா வந்து பின்னால் நின்றாள். மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

“சாரிடி தேவி. அன்னிக்கே சொல்லியிருக்கணும். எங்க அப்பா இருந்தாங்கல்ல… அவங்க முன்னாடி அதை எப்படிச் சொல்றதுன்னு…”

“எங்க அப்பாவும்தான் இருந்தாரு.”

அவள் அழுதாள். எனக்கு அழுகை வரவில்லை. நான் சமைத்தால் வழக்கமாக அவளுக்கும் சேர்த்து இரண்டு தட்டு எடுப்பேன். அன்று ஒரு தட்டை எடுத்து, மீயை முழுக்க அதில் கொட்டிக்கொண்டு, அவளைத் தாண்டி அறைக்குப் போய் உட்கார்ந்து சாப்பிட்டேன்.